டயருக்கு வாங்கிய எலுமிச்சம்பழம்

பர்ச்சேஸ் மேனேஜர் இசக்கிபாண்டி அவர்களுக்கு,

காலை பஸ்ஸில் வேலூர் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. ஆபீஸ் போகும்போது சாவியை மேல்வீட்டு முத்துச்செல்வி அக்காவிடம் கொடுங்கள்.

சட்டையை ஊறவைக்கும்போது பையில் ஷோரூம் தாள் இருந்தது. ஹைபிரிட் கார் வெள்ளிக்கிழமையே வேண்டுமென்றால் ஹேண்ட்லிங் சார்ஜ், சீட் கவர், கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சு எல்லாம் கட்டாயமாம். கீழே உங்கள் கையெழுத்து! ஒரகடம் கம்பெனியில் நட்டு போல்ட்டு விற்க வருகிறவர்களைப் பத்துப் பைசாவுக்கு அழவைக்கிற மனுஷன். ஷோரூம்காரர், "உங்க ரேஞ்சுக்கு இதெல்லாம் இன்னா சார்" என்றாராம். நேற்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள்.

வேலூர் ஷோரூமுக்குப் போன் செய்தேன். கேட்ட நிறம் கிடைக்காது, ஆறு வாரம் ஆகும், ஆனால் பட்டியல் விலைக்கு மேல் ஒரு காசு வேண்டாம் என்கிறார்கள். அதை எழுதி வாங்கத்தான் போகிறேன்.

இங்கே புக்கிங்கை ரத்துசெய்யும் கடிதம் பிரிட்ஜ் மேல் இருக்கிறது. உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை வல்லக்கோட்டையில் கார் பூஜை என்று கம்பெனி முழுக்கச் சொன்னது நீங்கள். முருகன் தேதி கேட்கவில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் அந்தக் காரில் நீங்களே போங்கள். நான் பஸ்ஸில் வந்து கும்பிட்டுக்கொள்கிறேன்.

"உனக்கு என்னட்டீ தெரியும்?" என்று நேற்று கேட்டீர்கள். அது இன்னும் ஆறவில்லை.

செல்வலட்சுமி

பி.கு.: பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

இன்னொன்று: டயருக்கு வாங்கிய நாலு எலுமிச்சம்பழத்தையும் நறுக்கி ஊறுகாய் போட்டுவிட்டேன். இப்போதே தொட்டுக்கொள்ளாதீர்கள், கசக்கும். வேலூர் கார் வரும்போது சரியாக இருக்கும்.