கடைசி ஸ்டேஷனுக்கு இரண்டு டிக்கெட்

மே 12

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. இந்த மாதக் கடைசியில் எனக்கும் ரிட்டயர்மென்ட். டிக்கெட் கவுன்ட்டரில் எல்லோரும் சேர்ந்து, "அக்கா, சுவர்க்கடிகாரமா, மிக்ஸியா? என்ன வேணும் சொல்லுங்க" என்றார்கள். "கடைசி ஸ்டேஷனுக்கு ரெண்டு டிக்கெட்" என்றேன். ஒருத்தருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நீ சிரிக்க மாட்டாய். மூன்றாம் ஜன்னலில் நீ, நாலாம் ஜன்னலில் நான். முப்பது வருஷம் ஊரையெல்லாம் அங்கே அனுப்பினோம், நாம் ஒரு நாள் போனோமா? தண்டவாளம் முடிகிற இடத்தில் கடல் என்று நீ, மலை என்று நான். சாப்பாட்டு நேரமெல்லாம் இந்தச் சண்டையிலேயே போயிற்று. ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துத் தீர்த்துவிடுவோம். வண்டி உன் ஊர் வழியாகத்தான் போகிறது.

குள்ளி

மே 18

என் குள்ளிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன். அப்புறம் காலண்டரைப் பார்த்தேன். ஏழாம் தேதிதான் சோபா வருகிறது. நாலு மாதமாகக் காத்திருக்கிறேன். நான் பக்கத்தில் நிற்காவிட்டால் வாசற்படியில் இடித்துக் கீறிவிடுவார்கள். போன வருஷம் அவர் போனதிலிருந்து இந்த வீட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன், உனக்குத் தெரியாததா?

நீ போய் வா. போட்டோ அனுப்பு. கடலாகத்தான் இருக்கும், பார்த்துக்கொள்.

நெட்டை

ஜூன் 1

அடி நெட்டை,

சோபாவா? உன் வீட்டுக்கு யார் வருகிறார்கள் உட்கார? போட்டோவாம் போட்டோ!

திட்டுவதற்கு முன்னால் ஒரு கூத்தைக் கேள். நேற்று கடைசி நாள். கடைசி டிக்கெட்டாக நம் இரண்டையும் என் கையாலேயே தேதி குத்தி எடுத்தேன். அடுத்து நின்ற அம்மா நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டாள். முப்பது வருஷப் பழக்கம் விடுமா? அவள் சில்லறையோடு நம் டிக்கெட்டையும் சேர்த்து ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டேன்! பிளாட்பாரத்தில் "அம்மா, அம்மா" என்று ஓடினேன். வண்டி நகர்ந்துவிட்டது. நான் வழியனுப்ப வந்தேன் என்று நினைத்து அவள் டாட்டா காட்டினாள்.

அப்புறம் வெளியே வந்து வரிசையில் நின்று மறுபடி வாங்கினேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் எவ்வளவு உயரம் தெரியுமா? எக்கி எக்கிப் பேசினேன். பாவம் ஜனங்கள்!

உன் டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். காலை ஏழு நாற்பதுக்கு உன் ஊரில் இரண்டே நிமிஷம் நிற்கும். மூன்றாவது பெட்டி. நீ வராவிட்டால் உன் இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு போவேன். திரும்பி வந்ததும் உன்னிடம் பேசவே மாட்டேன். இது சத்தியம்.

குள்ளி

ஜூன் 10

என் அருமைக் குள்ளி,

தொண்டை சரியாகிவிட்டதா? கதவில் தொங்கிக்கொண்டு "ஏய் நெட்டை, ஓடி வாடி!" என்று நீ கத்தியதை இந்த ஊரே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் ஓடினேனே! மூன்று நாளாகக் காலில் எண்ணெய் தடவுகிறேன், சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

கடலும் இல்லை, மலையும் இல்லை. ஒரு மண்மேடு, அதன்மேல் ஒரு ஆடு! "எங்கம்மா போகணும்?" என்று அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கேட்க, "இங்கதாங்க" என்று நாம் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோமே, அவர் முகத்தை நினைத்தால் இப்போதும் புரையேறுகிறது.

அங்கே சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். நான் ரிட்டயர் ஆனதும் என் வீட்டுக்காரர் எத்தனை தடவை கூப்பிட்டார்! "வா, அந்தக் கடைசி ஸ்டேஷனை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்" என்பார். பீரோ வரட்டும் என்றேன், கட்டில் வரட்டும் என்றேன். எல்லாம் வந்தது, குள்ளி. அவர்தான் இல்லை. ஆறாம் தேதி ராத்திரி, நீ அனுப்பிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். விடிந்ததும் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

சோபாவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி கீறலைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். உட்கார வைத்து ஆட்டுக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

தண்டவாளத்துக்கு இன்னொரு முனையும் உண்டே, யோசித்தாயா? அங்கே கண்டிப்பாகக் கடல்தான். இருபத்தொன்றாம் தேதி, ஞாயிறு. டிக்கெட் எடுத்துவிட்டேன், இந்தத் தடவை வண்டி உன் ஊர் வழியாகத்தான் போகிறது. இரண்டும் என்னிடமே இருக்கும். உன் கையில் கொடுத்தால் யாருக்காவது தள்ளிவிடுவாய்.

ஓடி வா.

நெட்டை