காணாமல் போன மூன்று கிளிக்

மேசையில் ஒரு கண்ணாடித் தகடு கிடக்கிறது. மேலூரில் கோழித்தீவனக் கடை வைத்திருப்பவர் காலையில் விட்டுவிட்டுப் போன தொடுதிரை. கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் விரலை ஓட்டினேன். எல்லா இடமும் ஒன்றுபோலவே வழுக்கியது. உன் கையில் கொடுத்திருந்தால் என்ன திட்டு திட்டியிருப்பாய்!

நீ எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பதாக உன் வீட்டார் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் இன்று நடந்ததைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.

கல்லூரி ஆய்வகத்தில் ஒரே மேசையைப் பங்குபோட்ட நாம், நாற்பதைக் கடந்த பிறகு திருநகரில் ஓர் அறையைப் பிடித்து, முட்டையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்யத் தொடங்கினோம். இரண்டாம் வருடம் சர்க்கரை உன் கண்களைப் பறித்தது. வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மறு வாரமே ஆட்டோவில் வந்து இறங்கினாய்.

பெட்டியின் சூட்டைக் கூட்டும் குமிழை உனக்காகத்தான் மாற்றினோம். அழுத்தினால் முப்பத்தேழரை டிகிரி. அங்கிருந்து ஒரு கிளிக் திருப்பினால் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு ஏறும். எண்ணைப் பார்க்க வேண்டாம், விரலே எண்ணிக்கொள்ளும்.

முதல் பெட்டியை நான் சோதித்துச் சரி என்றேன். நீ வாங்கித் திருப்பினாய்.

"பத்து கிளிக் திருப்பிருக்கேன். எம்புட்டு ஏறிருக்கு?"

"ஏழு."

"மிச்சம் மூணு எங்கடி?"

"நீ தப்பா எண்ணியிருப்ப."

"கண்ணுதான்டி போச்சு. கணக்குமா போச்சு?"

நம்பாமல்தான் மறுபடி சோதித்தேன். தவறு என்னுடையது. திருப்பும்போது குமிழுக்குள் இருக்கும் இரண்டு உலோகத் தொடுப்புகள் துள்ளும்; ஒரு கிளிக் மூன்றாகத் தெரியும். அதைத் தடுக்க, ஒன்றை எண்ணியதும் சற்று நேரம் எதையும் கவனிக்காதே என்று பெட்டியை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லுக்கு எழுதியிருந்தேன். திரையைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்பிய எனக்கு எண் சரியாக வந்தது. நீ வேகமாகத் திருப்பினாய். அது கவனிக்காத நேரத்தில் உன் மூன்று கிளிக் விழுந்துவிட்டன. காத்திருப்பை எடுத்தேன். உள்ளே இரண்டு தொடுப்புகளும் எந்த வரிசையில் மாறுகின்றன என்று விடாமல் பார்த்து, வரிசை முழுதாக முடிந்தால் மட்டும் எண்ணச் சொன்னேன். துள்ளல் முன்னும் பின்னும் போய்த் தானே கழிந்தது. பத்துக்குப் பத்து வந்தது. அதன்பிறகு உன் விரல் படாமல் எந்தப் பெட்டியும் வெளியே போனதில்லை.

இதே கடைக்காரர்தான் அப்போது என்னிடம் குரலைத் தணித்துக் கேட்டார். "ஏன்க்கா, கண்ணு தெரியாதவுகளா செக் பண்றாக?"

உனக்குக் கேட்டுவிட்டது. "கண்ணு தெரிஞ்சவ செக் பண்ணித்தாண்ணே மூணு காணாமப் போச்சு."

இன்று அவர் குமிழைக் காட்டி, "யக்கா, இப்ப யாரு நாப்பைத் திருகுறா? இந்தக் கண்ணாடிய வைங்க, நாப்பது பெட்டி எடுத்துக்கிறேன்" என்றார். இந்த வருடத்தின் பெரிய ஆர்டர் அதுதான். தகட்டைப் பெட்டியோடு இணைத்தேன். ஈரப்பதத்துக்காகப் பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றும் பெண்களின் கை எப்படி இருக்குமோ, அப்படி விரலை டம்ளரில் நனைத்துத் தொட்டேன். எண் தாவித் தாவி நாற்பதைத் தாண்டியது. அந்தச் சூடு நீடித்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும்.

"கையத் தொடச்சுட்டுத் தொடச் சொல்லுங்கக்கா."

"வேணாம்ணே. நாப் வச்சதுன்னா தாரேன்."

"அவுகதான் போய்ட்டாகளே. இன்னும் யாருக்காகக்கா இது?"

"குஞ்சுக்காகண்ணே."

அவர் எழுந்து போய்விட்டார். நாற்பது பெட்டியும் அவரோடு போயிற்று.

முடித்து வைத்திருந்த பெட்டி ஒன்றை இழுத்தேன். கண்ணை மூடி, குமிழை அழுத்திவிட்டு வேகமாகத் திருப்பினேன். உன் வேகம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆறில் எண்ணிக்கை குழம்பியது. மறுபடி அழுத்தி, முதலிலிருந்து பத்து. கண் திறந்தபோது முப்பத்தெட்டரை.

சோதனைச் சீட்டில், சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். சோதித்த முறை என்ற இடத்தில், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று, பெரிய எழுத்தில் எழுதினேன்: கண்ணை மூடி.