சந்தன சோப்பு மணக்கப் போன அக்காவுக்கு

என் அன்பு அக்கா,

நேற்று உன் மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆத்தா என்ன செய்தாள் தெரியுமா? வெந்நீர் போட்டுவிட்டுச் சந்தன சோப்பைத் தேடினாள். நான் அடுப்பை அணைத்தேன்.

நம் கரையில் வீட்டுக்கு ஒரு சோப்பு ஆஸ்பத்திரிக்கென்றே இருக்கிறது. மீன் வாடையோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள் என்று, நோயாளியைக் குளிப்பாட்டித்தான் கூட்டிப்போகிறோம். இதை யார் நமக்குப் பழக்கினார்கள்?

பிள்ளை பெற்ற வாரத்தில், குளிர்காய்ச்சலில் பல் கிட்ட நடுங்கியபோதும் நீ பிடிவாதம் பிடித்தாய். “குளிச்சிட்டுத்தான் வாரேன். அங்கன எவளும் என்னப் பாத்து மூக்கப் பொத்தக் கூடாது.” உன் தலைமுடியை உலர்த்தி முடிப்பதற்குள் பாம்பனில் காலை ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் ராமநாதபுரம் போய் இறங்கினோம்.

பெரியாஸ்பத்திரி வாசலில் ஆயா கேட்டாள்: “எந்த ஊரு?”

“அக்காள்மடம்” என்றாள் ஆத்தா.

“கடக்கர ஆளா? வராந்தாவுல படுக்கப் போடு.”

அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, அக்கா. உள்ளே கட்டில்கள் காலியாகக் கிடந்தன. டாக்டர் நிலைப்படியில் நின்றபடி நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுப் போனார். “ஏடி, இன்னும் வாடை அடிக்குதா?” என்று நீ என்னைக் கேட்டாய். சந்தனம்தான் மணக்குது என்றேன். அதன்பின் நீ எதுவும் கேட்கவில்லை. டாக்டர் திரும்பி வந்து உன் கையைத் தொட்டபோது அதில் நாடி இல்லை.

நேற்று நான் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த சேலையோடு அப்படியே பிள்ளையைத் தூக்கிப்போனேன். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். சாதி மத பேதமின்றி எல்லோருக்கும் வைத்தியம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகைக்குக் கீழே அதே ஆயா.

“எந்த ஊரு?”

“புள்ளைக்கு மேலு கொதிக்குது. தொட்டுப் பாருங்க, பொறகு ஊரச் சொல்றேன்.”

“நாலெழுத்து படிச்ச திமிராக்கும்?”

“ஆமா. ஒங்க தலைக்கு மேல தொங்குறத வாசிக்கிற அளவுக்குப் படிச்சிருக்கேன்.”

உள்ளே போய்க் காலிக் கட்டிலில் பிள்ளையைக் கிடத்தினேன். ஆயா கத்திய கத்தலில் டாக்டர் வந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் குழாயை நெஞ்சில் வைத்தார். ஆனாலும் வைத்தார். இன்று காலை காய்ச்சல் விட்டு, உன் மகள் கஞ்சி கேட்டாள்.

இவ்வளவுதானா, அக்கா? ஒரு கை நீண்டு தொட வேண்டிய தூரம். அழுக்கு அவர்கள் மனத்தில் இருக்க, நாம் அதை உன் உடம்பில் தேடித் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

ஆத்தா சோப்பை மறுபடி பெட்டியில் வைத்திருக்கிறாள். அதை எறிய அவளுக்குத் துணிவில்லை. நான் உனக்கு வாக்குத் தருகிறேன்: உன் மகளை எந்த வாசலுக்கும் கழுவித் தூக்கிப்போக மாட்டேன். இந்தக் கரையில் எந்த வீட்டில் நோயாளிக்கு வெந்நீர் கொதித்தாலும், போய் அந்த அடுப்பை அணைப்பேன்.

உன் மகள் ‘அம்மா’ என்று கூப்பிடுகிற,
உன் தங்கை