நார்த்தாமலையில் அம்மா போட்ட சத்தம்

என் பிரியமுள்ள அப்பா,

இன்று நாங்கள் நார்த்தாமலைக்குப் போய் வந்ததை ஒன்று விடாமல் உங்களுக்கு எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஓர் இடத்தை மட்டும் எழுதாதே என்று அம்மா சொன்னாள். அதையும் எழுதுவேன்.

காணும் பொங்கலன்று கடிகாரக் கடையைப் பூட்டி, கையிலும் கடிகாரம் கட்டாமல், எங்களை ரயிலேற்றுவீர்களே, அந்த நாள்தான் இன்று. ஆடியில் நீங்கள் போனதிலிருந்து அம்மா தெருமுனையைத் தாண்டியதில்லை. துக்க வருஷம் என்பதால் பொங்கலும் வைக்கவில்லை. எனக்கு ஒரே பயம். இந்த வருஷம் மலைக்குப் போகாவிட்டால் இனி எப்போதுமே போக மாட்டோம், உங்களோடு அதுவும் முடிந்துவிடும் என்று. வாய்விட்டுக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. கேட்டது உங்கள் தங்கை மீனாட்சி அத்தைதான். விடிவதற்குள் தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோற்றோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணி, கெளம்புங்க."

"பண்டிகை இல்லாத வருசத்துல என்ன மீனாட்சி நீ?"

"பொங்கல்தான் வைக்கக் கூடாது. நடக்கக் கூடாதுன்னு எந்தப் பெரியவங்க சொன்னாங்க? எனக்கே முட்டி வலி, நானே வாரேன்."

அம்மா உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்தாள். அப்பா, அந்தச் சீப்புச் சத்தம் எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா?

ரயிலில் கரித்தூள் விழுந்து அத்தைக்கு மீசை முளைத்தது. நான் சொல்லவேயில்லை. ஸ்டேஷனில் இறங்கிக் காட்டுக்குள் நுழைந்தோம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்ததால் ஒற்றையடிப் பாதையை இரண்டு பக்கமும் ஆவாரஞ்செடி மூடியிருந்தது. எங்கே பார்த்தாலும் மஞ்சள். உசிலை மரத்தடியில் ஒரு மயில் எங்களைப் பார்த்தும் பறக்காமல், தோகையை இழுத்துக்கொண்டு சாவகாசமாக நடந்து போனது. இலந்தைப் பழம் பழுத்து உதிர்ந்து கிடந்தது. பாவாடையில் ஏந்தி எடுத்தேன். "கொட்டையோட முழுங்கிராத, வயித்துல மரம் மொளைக்கும்" என்றார்கள் அத்தை, நான் நாலாவது பாரம் படிக்கிறவள் என்பதையே மறந்து.

வழுக்குப் பாறை வந்ததும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கிட்டே இருக்கேன்." அந்த இடத்தில்தானே நீங்கள் அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிடுவீர்கள்! "நான் புடிச்சுக்கிறேன்மா, வா" என்று கையை நீட்டினேன்.

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "நான் விழுந்துருவேன்னா ஒங்கப்பா கையப் புடிச்சாரு? அவருக்குல்ல மூச்சு வாங்கும்! பாதிப் பாறை நான்தான் இழுத்துக்கிட்டுப் போவேன். மக முன்னாடி அவரு வீராப்பு கெட்டுறக் கூடாதுன்னு பேசாம வருவேன்."

எழுதாதே என்றது இதைத்தான்.

சொல்லிவிட்டு அம்மாவே சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள், அப்பா! நான்தான் பின்னால் ஓடினேன். அத்தை நாலு காலில் வந்தார்கள். "யாரும் திரும்பிப் பாக்காதீங்க, பாத்தா மானம் போயிரும்" என்று கத்திக்கொண்டே வந்தார்கள்.

மேலே சுனை நிறையத் தண்ணீர். வானம் முழுவதும் அதற்குள் கிடந்தது. தொலைவில் வயல், ஏரி, தீப்பெட்டி போல நம் ரயில். புளிச்சோறு தின்றுவிட்டு, எதிரொலி கேட்கும் பாறைக்கு முன்னால் வழக்கம்போல நின்றோம். நான் "சரசு!" என்றேன். அத்தை "மீனாட்சி!" என்றார்கள். அம்மாவின் முறை வந்தது. அம்மா எப்போதும் "ஏங்க!" என்றுதான் கூப்பிடுவாள். "ஊரே சொல்ற எம் பேர நீ மட்டும் சொல்ல மாட்டேங்குற, கமலம்" என்று நீங்கள் குறைபடுவீர்கள். புருஷன் பேரை வாயால் சொல்வதா என்று அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

இன்று வெகுநேரம் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, "மாணிக்கம்!" என்று கூப்பிட்டாள்.

பாறை திருப்பிச் சொன்னது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆத்தாடி!" அத்தை பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "எங்கண்ணன் மட்டும் இதக் கேட்டிருந்தா ராஜ வீதி பூரா மிட்டாய் வாங்கிக் குடுத்திருக்குமே!"

அம்மாவுக்குக் கண் நிறைந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. "ஒரு தடவ சொன்னாலும் பாவந்தான், பத்துத் தடவ சொன்னாலும் பாவந்தான்" என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். மலை முழுவதும் உங்கள் பெயர்தான். உங்களுக்குக் கேட்டதா, அப்பா?

திரும்பும்போது ரயிலுக்கு நேரமிருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் அத்தை உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார்கள். அம்மா காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, கட்டிப்போன குரலில் சொன்னாள்: "அடுத்த வருசம் இன்னும் வெள்ளனக் கெளம்பணும்டி. பின்பக்கச் சுனைக்குப் போகவே நேரமில்லாமப் போச்சு."

நான் தலையை ஆட்டினேன். அடுத்த வருஷமும் உண்டு என்று அம்மா வாயிலேயே வந்துவிட்டது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தையில் இந்த ஒரு நாள் அம்மாவுக்கும் எனக்கும் மலைக்குத்தான். நாளை எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாலும், பெண் பார்க்க வருகிறவர்களிடம் காபி கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவேன். சம்மதமில்லை என்றால் காபியைக் குடித்துவிட்டு அவர்கள் போகட்டும்.

"காலைல பள்ளிக்கூடம் இருக்குடி" என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரி கோணலாக இருந்தால் இருட்டில் எழுதியது என்று கொள்ளுங்கள்.

உங்கள் ஒரே மகள்,
சரசு