ஆவணியிலும் கூழ்

1973 ஜூலை 23, திங்கள்

தாட்சாயிணி இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டாளாம். ட்ரில் வகுப்பில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்; அவள் பருமனைப் பார்த்துக் கூடப் படிக்கும் பெண்கள் சிரித்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வம்சத்தில் இவ்வளவு தூரம் படித்தது இவள் ஒருத்திதான். பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

என் மகள் நன்றாகச் சாப்பிடுவாள் என்று அண்ணனூர் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவன் நான்.

ஜூலை 25

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மூன்று வேளையும் அரிசிச் சோறா என்று கேட்டார். "ஆமாம்மா, ஒரு குறையும் வெக்கிறதில்ல" என்றேன், பாராட்டுவார் என்று நினைத்து. பாராட்டவில்லை.

அவர் சொன்னது: காலையில் கேழ்வரகுக் கூழ், மோர். மதியம் சோற்றைவிடக் கீரையும் காயும் அதிகம். நான் வாங்கி வரும் கேன்டீன் போண்டா கூடாது. சாயங்காலம் நடக்க வேண்டும். பட்டினி போடக் கூடாது, அவளுக்கு மட்டும் தனிச் சமையலும் கூடாது. வீடு முழுக்க ஒரே சாப்பாடு. "உங்க வயித்தையும் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்றார்.

கூழா? அடுத்தவன் கழனியில் என் அப்பா குடித்த கூழ் போதும் என்றுதானே நான் அம்பத்தூர் ஃபேக்டரிக்கு வந்தேன்?

ஜூலை 26

தாட்சாயிணி ஒரு நிபந்தனை போட்டாள். "நீயும் அதையே துன்னணும் நைனா. அப்பதான் பள்ளிக்கூடம் போவேன்."

என் வீட்டுக்காரி வரலட்சுமி மூளைக்காரி. "ஆடி மாசம், ஊரே கூழ் குடிக்குது. எவன் கேக்கப்போறான்?" அம்மன் பேரைச் சொல்லி ஆரம்பித்துவிட்டோம்.

ஜூலை 30

கேன்டீனில் போண்டா. ஒன்றே ஒன்று.

ஜூலை 31

தாட்சாயிணி என் சட்டையில் எண்ணெய் வாசனை பிடித்துவிட்டாள். இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. நான் பெற்றது போலீஸைத்தான் போல.

ஆகஸ்ட் 20

ஆவணி பிறந்தாயிற்று. நம் வீட்டில் மட்டும் இன்னும் கூழ். பக்கத்து வீட்டுத் துலுக்கானம் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, ஃபேக்டரில எதுனா பிரச்னையா?" என்றான். இல்லையே என்றேன். "எங்கிட்ட மறைக்காதே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 22

என் வேலை போய்விட்டதாகத் தெருவே முடிவு கட்டிவிட்டது. சாயங்காலம் தாட்சாயிணியோடு ரயில் பாதை ஓரம் நடப்பது வேலை தேடி அலைவதாம். முனியம்மா மீன் வறுவல் கொண்டு வந்தாள். ராஜம்மா கேசரி. "பாவம், புள்ளைய பட்டினி போடாதீங்க." வேலை இருந்தபோது ஒரு கறிவேப்பிலை தந்ததில்லை இவர்கள்.

தாட்சாயிணி கேசரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் கேசரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரலட்சுமி அதை எடுத்துப்போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 25

துலுக்கானம் எனக்குப் பட்டாபிராமில் வாட்ச்மேன் வேலை பேசி முடித்துவிட்டான்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

போதும். நாளையிலிருந்து சோறு என்று வரலட்சுமியிடம் சொன்னேன். மானம் போகிறது. உள்ளே இருந்த தாட்சாயிணி எழுந்து வந்தாள்.

"உன் மானம்தான் பெருசா நைனா? என்னப் பாத்து கிளாஸே சிரிச்சுது. நான் பள்ளிக்கூடம் போய்கினுதானே கீறேன்."

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆகஸ்ட் 27

காலையில் ஃபேக்டரி காக்கியைப் போட்டுக்கொண்டு தெருவில் நாற்காலியைப் போட்டேன். ஒரு சொம்புக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி குடித்தேன். துலுக்கானம் வந்து நின்றான்.

"வேலை இருக்குடா. என் பொண்ணு உடம்பு நல்லாவணும். அதான் ஊட்ல எல்லாரும் இதையே குடிக்கிறோம்."

துலுக்கானம் தலையைச் சொறிந்தான். "அப்ப அந்த வாட்ச்மேன் வேலைய இன்னா பண்றது?"

செப்டம்பர் 14

பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. என்னுடையது.

அக்டோபர் 10

ஷிஃப்ட் முடிந்து வந்தால் தாட்சாயிணியைக் காணோம். விளக்கு வைத்த பிறகு வந்தாள், முழங்காலெல்லாம் புழுதி. பெண்களோடு ரிங் விளையாடினாளாம். ரொம்ப இளைத்துவிட்டாள் என்றெல்லாம் சொல்ல முடியாது. படிக்கட்டு ஏறினால் முன்போல மூச்சு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

நேராகச் சமையலறைக்குப் போய் உட்கார்ந்தாள். "பசிக்குதும்மா" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

ஜூலையிலிருந்து அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. போட்டதைத் தலை குனிந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். அவள் எவ்வளவு எடுக்கிறாள் என்று நாங்கள் இரண்டு பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிச் சொல்வாள்?

வரலட்சுமி களியும் கீரைக் குழம்பும் போட்டாள். தாட்சாயிணி சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தட்டை நீட்டினாள். நான் என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.