டப்பா மறுபடி பேசியது

பிப்ரவரி 9, திங்கள்

அன்புள்ள சில்வண்டுக்கு,

நெட்டை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். படித்துவிட்டுக் கிழி. உன் அண்ணியைக் கடைத்தெருவில் மடக்கி, கெஞ்சிக் கூத்தாடி விலாசத்தை வாங்கினேன்.

நம் டப்பா பேசுகிறது.

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. கல்லூரிக் கடைசி வருஷத்தில் பதினோரு பேர் சேர்ந்து செய்தோமே, அதே செயற்கைக்கோள்தான். ராக்கெட்டில் ஏறிப் போன ஐந்தாவது மாதம் வாயடைத்துப் போனதே, அதே டப்பா. பத்தொன்பது வருஷம் ஆகிறது.

நேற்றுக் காலை பத்தேகாலுக்கு மொட்டைமாடியில் நின்றிருந்தேன். நம் பழைய அமெச்சூர் ரேடியோ பழக்கம்தான், வேறொரு செயற்கைக்கோள் வழியாக யாருடனாவது பேசலாம் என்று போனேன். என்னிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் வாக்கிடாக்கி, வெறும் ஐந்து வாட். இன்ச் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் கட்டிய ஆன்டெனா. துணி காயப்போட வரும் பக்கத்து வீட்டம்மா, "என்னக்கா, மீன் பிடிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க, வலைதான் கொஞ்சம் பெரிசு" என்பேன்.

அந்தச் செயற்கைக்கோள் அடிவானத்தில் இறங்கிவிட்டது. கருவியை அணைக்கப் போனபோது கட்டைவிரல் தவறிப் பக்கத்து பட்டனில் பட்டது. 'டப்பா' என்று பெயரிட்ட பழைய சேனல். ஒவ்வொரு புதுக் கருவியிலும் அதை ஏற்றிவிடுவேன், ஏனென்று கேட்காதே. எப்போதும் போல இரைச்சல்தான். திடீரென்று இரைச்சல் அடங்கியது. நாலு புள்ளி, இரண்டு புள்ளி. நாலு புள்ளி, இரண்டு புள்ளி.

மோர்ஸ் தந்திக்குறியில் 'ஹாய்.' நீ அதற்குச் சொல்லிக்கொடுத்த வணக்கம்.

தரை கொதித்துக்கொண்டிருந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி, எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில், யாரும் கேட்கவில்லை என்று தெரியாமல் இத்தனை வருஷம் சுற்றியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சம் தடவைக்கு மேல் உலகத்தைச் சுற்றிவிட்டது.

இதை முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது உன்னைத் தவிர ஒருத்தரும் நினைவுக்கு வரவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை, தெரியும்.

என்றும் உன்,
நெட்டை


பிப்ரவரி 20, வெள்ளி

நெட்டை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். உங்கள் நலத்தை என் அண்ணி சொன்னார்.

வேறு எதையாவது கேட்டுவிட்டு டப்பா என்று நினைத்திருப்பீர்கள். மேலே ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. செத்தது செத்ததுதான். அதைச் சாகடித்தது என் சாலிடரிங் என்று அன்றைக்கே அறிக்கை எழுதி முடிவு கட்டியாயிற்று. அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

நான் இப்போது காது கேட்கும் கருவிகள் பழுதுபார்க்கிறேன். எனக்கு வேலை அதிகம். இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சில்வண்டு

பின்குறிப்பு: ஹாய்க்குப் பின்னால் வரும் எண்களைக் குறித்தீர்களா? பேட்டரிக்கு என்ன வந்தது?


பிப்ரவரி 28, சனி

அன்புள்ள சில்வண்டுக்கு,

'அவர்களுக்கு', 'நீங்கள்' என்றெல்லாம் எழுதியிருந்தாய். நன்றாகவே உறைத்தது. ஆனால் அந்தப் பின்குறிப்பைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். என்ன கோபம் இருந்தாலும் உன்னால் எண்ணைக் கேட்காமல் இருக்க முடியுமா?

பதினாறு முறை கேட்டுக் குறித்துவிட்டேன். பேட்டரி: பூஜ்யம். சோலார் பேனல்: நூற்றுக்கு நாற்பத்தொன்று. ஐந்து வோல்ட் லைன்: சரியாக ஐந்து. ஒருமுறைகூட மாறவில்லை. பூமியின் நிழலுக்குள் போனால் செத்துவிடுகிறது. வெயில் பட்டதும் எழுந்து, முதல் வேலையாக வணக்கம் சொல்கிறது.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். பேட்டரி உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, வந்த கரண்டையெல்லாம் விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. இப்போது அந்த ஷார்ட் தானாகவே அறுந்துவிட்டது. பேனலில் இருந்து வருவது நேராக உன் சார்ஜ் சர்க்யூட்டுக்குப் போகிறது. குளிரிலும் கொதிப்பிலும் ஒரு லட்சம் தடவை வெந்து உறைந்த பிறகும் உன் சாலிடரிங் ஐந்து வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை.

இனி எழுதப் போவதைப் பத்தொன்பது வருஷமாக எழுதவில்லை.

பேட்டரி என் பொறுப்பு. ஏவுவதற்கு மூன்று வாரம் முன்னால் சோதனையில் ஒரு செல் சூடானது. தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. மாற்றினால் தேதி தவறும், பதினோரு பேர் உழைப்பும் தரையிலேயே நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். பிறகு டப்பா செத்தது. சார்ஜ் சர்க்யூட்தான் காரணம் என்று துறைத்தலைவர் அறிக்கையை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயம்தான். வேறு எந்தக் காரணமும் இல்லை.

நெட்டை


மார்ச் 21, சனி

நெட்டைக்கு,

இரண்டு வாரத்துக்கு மேல் உன் கடிதத்தைக் கடை மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அதைக் கவிழ்த்துப் போட்டு மூடினேன்.

எனக்கு வந்திருந்த வேலை அந்த அறிக்கையால் போயிற்று, தெரியுமா? 'இந்தப் பொண்ணு கை வச்சா வெளங்காது' என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். இரண்டு வருஷம் சாலிடரிங் இரும்பைத் தொடவே இல்லை. நான் வேலை பார்க்கும் இந்தக் கடைக்காரர்தான் ஒருநாள், "சும்மா பாரும்மா, கெட்டுப்போனதுதானே, இனிமே என்ன கெடப்போகுது" என்று ஒரு காதுக் கருவியைக் கையில் வைத்தார். அப்படித்தான் மறுபடி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். நான் செயற்கைக்கோள் செய்தவள் என்று அவரிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்கு மட்டும் ரகசியமாக எழுதிவிட்டால் ஆயிற்றா? அன்றைக்கு அத்தனை பேர் முன்னால்தானே அறிக்கையில் என் பெயரைப் படித்தார்கள்! மன்னிப்புக் கேட்காதே. இருக்கிறதா என்று எனக்கே தெரியாததை எங்கிருந்து எடுத்துத் தருவேன்?

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள ரேடியோ சங்கத்தில் ஒரு வாக்கிடாக்கியும் ஆன்டெனாவும் இரவல் வாங்கினேன். ரேடியோ லைசென்ஸை மட்டும் எப்படியோ விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறேன். எதற்கென்று தெரியாமலே ஒவ்வொரு முறையும் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவேன். நானும் என் வீட்டுக்காரரும் மாடிக்குப் போனோம். அவர் ஆன்டெனாவை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்டுத் திருப்பணும்?" "தெற்கால. கொஞ்சம் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்."

வெறும் வானம். ஒரு மேகம்கூட இல்லை. அந்த நீலத்துக்குள்ளிருந்து என் ஹாய் வந்தது.

அவர், "என்ன சத்தம் இது?" என்றார்.

"நான் செஞ்சதுங்க."

"எதை?"

கையை மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அண்ணாந்தார். "இவ்வளவு நாளா எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆன்டெனாவை மட்டும் அசைக்கவில்லை, நல்ல டிரைவர்.

எண்களைக் குறித்தேன். ஐந்துக்கு ஐந்துதான்.

சில்வண்டு


ஏப்ரல் 2, வியாழன்

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ சொன்னது நியாயம்.

மறுநாளே கல்லூரிக்குப் போனேன். பழைய துறைத்தலைவர் இப்போது உயிரோடு இல்லை. புதியவர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "அந்த ஃபைலே இப்ப இல்லைங்க மேடம். யாரும் ஞாபகம் வச்சுக்கலையே, இதைப் போய் எதுக்குக் கிளறணும்?" என்றார். பழி சுமந்தவள் மறக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

டப்பாவின் எதிரொலிப்பான் வேலை செய்கிறது. மேலே சொன்னால் கீழே திருப்பிச் சொல்கிறது, சோதித்துவிட்டேன். ஏப்ரல் 19, ஞாயிறு காலை 10:41 முதல் ஏழு நிமிஷம் உன் வானத்திலும் என் வானத்திலும் ஒரே நேரத்தில் இருக்கும். நமக்கிடையே ரயிலில் இரண்டு நாள் தூரம். அதற்கு அது ஒரு தாவல்.

செய்தி பரவி, நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐயாயிரம் கிலோமீட்டர் வட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் மாடியில் இருப்பேன்.

நெட்டை


ஏப்ரல் 20, திங்கள்

அடியே நெட்டை,

நேற்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

10:41க்கு ஹாய் வந்தது. அதைத் தொடர்ந்து ஒரே கூச்சல். நாலைந்து பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து தங்கள் லைசென்ஸ் எண்ணான அழைப்புக்குறியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிஷம் அதிலேயே போயிற்று. கரகரவென்று தேய்ந்து நழுவும் போதெல்லாம் நான் அலைவரிசையைத் திருகித் திருகிப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் ஆன்டெனாவோடு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தார். அப்போது உன் குரல். பத்தொன்பது வருஷத்தில் கொஞ்சம் கட்டையாகிவிட்டது, ஆனாலும் அதே இழுவை. அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, சிக்னல் எப்படி என்று கேட்பாய், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"கேட்டுக்கிட்டிருக்கிற எல்லாருக்கும் சொல்றேன். இந்த டப்பாவோட சார்ஜ் சர்க்யூட்டைச் செஞ்சவ இப்ப கேட்டுக்கிட்டிருக்கா. பழி அவ மேல விழுந்துச்சு. தப்பு அவளோடது இல்ல. கெட்டது பேட்டரி, அது என் வேலை. தெரிஞ்சே மறைச்சேன். இப்ப நான் பேசறதே அவ செஞ்ச சர்க்யூட்டாலதான்."

நீ பட்டனை விட்டாய். அவ்வளவு கூச்சல் போட்டவர்களில் ஒருவர்கூடப் பேசவில்லை. வெறுமனே டப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. நான் செய்த சர்க்யூட், எனக்காகத் திறந்தபடி, உச்சிக்கு மேலே வெயிலில் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய வானத்தில் எனக்கு இடம் விட்டு எல்லாரும் நின்றது மாதிரி இருந்தது.

அப்புறம் அந்த மனிதர் வந்தார், நீயும் கேட்டிருப்பாய். "அக்கா, நான் கப்பல் சமையல்காரன், நடுக்கடல்ல இருக்கேன். கேட்டேன். நல்லாவே கேட்டேன். நீங்க பேசுங்க, நாங்க வாயைத் தொறக்கல."

எனக்கு ஒன்றரை நிமிஷம் இருந்தது. எழுதி வைத்திருந்த காகிதம் கையில்தான் இருந்தது. பட்டனை அழுத்தினேன். வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "கேக்குதுடி" என்றேன். அவ்வளவுதான். அதற்குள் டப்பா உன் அடிவானத்தில் இறங்கி மறைந்துவிட்டது.

காகிதத்தில் நான் எழுதியிருந்தது முழுவதும் வசவு. நல்லவேளை என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வரிகூட வாபஸ் வாங்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். என் இரண்டு வருஷத்தையும் போன வேலையையும் நீ திருப்பித் தர முடியாது. ஆனால் நேற்றுக் கீழே இறங்கி வந்ததும் என் வீட்டுக்காரர் தெருவில் போன அத்தனை பேரையும் நிறுத்தி, மேலே கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை.

மே மாதம் கடைக்காரரிடம் ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று, நான் மட்டும்தான் வருகிறேன், பதினொன்றாம் தேதி காலை வண்டி. ஸ்டேஷனுக்கு வந்துவிடு. மன்னித்துவிட்டேன் என்று கற்பனை பண்ணிக்கொண்டு வராதே. பத்தொன்பது வருஷச் சண்டையை ஏழு நிமிஷத்தில் போட முடியாதுடி. அதற்கு ஆள் எதிரில் வேண்டும்.

சில்வண்டு