மாட்டாஸ்பத்திரியைத் தாண்டிப் போன வண்டி

சட்டையில் டிஞ்சர் வாசம் இன்னும் போகவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தி, சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு உள்ளே வரச் சொல்லியிருப்பாய். அதட்ட ஆளில்லாத வீட்டில் அதே சட்டையோடு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வழக்கம்போலச் சுற்றி வளைத்துத்தான் வருவேன், நீ பொறுத்துக்கொள்.

உன் பூவாயியை நான் சரியாகக் கட்டவில்லை. முப்பது வருஷம் மலை பஸ் ஓட்டியவன், கூரையில் பலாப்பழ மூட்டை கட்டிப் பழகிய கை, ஒரு வெள்ளாட்டைக் கட்டத் தெரியாமல் போயிற்று. பக்கத்துக் காட்டுச் சின்னையன் நேற்று மரவள்ளி பிடுங்கினார். கிழங்கை லாரியில் ஏற்றிவிட்டுத் தழையையும் குச்சியையும் வரப்போரம் குவித்துப் போட்டிருந்தார். அந்தத் தழையை வயிறு நிறையத் தின்ற ஆடு பிழைப்பது கஷ்டம் என்று நம் குண்டனி நாட்டு மலை ஊர்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பூவாயிக்கு மட்டும் தெரியவில்லை. காலை ஒன்பதரைக்கு நான் டீ குடித்துவிட்டு வெளியே வந்தபோது முளையில் வெறும் கயிறுதான் கிடந்தது.

அவள் அந்தக் குவியலுக்குப் பத்தடி தள்ளி நின்றாள். நின்றாள் என்பதும் சரியில்லை. நான்கு காலையும் அகட்டி வைத்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுக்கு அலைந்தாள். இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் பக்கம் திரும்பப் பார்த்து, முன்னங்கால் மடங்கி விழுந்தாள்.

சின்னையன் எண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்தார். தலையைத் தூக்கிப் பிடியுங்கள், ஊற்றிவிட்டால் வயிறு இறங்கிவிடும் என்றார். இங்கே ஆட்டுக்கு எது வந்தாலும் முதலில் வருவது அந்த பாட்டில்தானே. எனக்கு வேறு புத்தி. என் கை தானாகவே வண்டிச் சாவியைத் தேடியது. மலையிறங்கிக் கீழே டாக்டரிடம் கொண்டு போய்விடலாம், ஒன்றரை மணி நேரம், நான் ஓட்டினால் ஒன்றேகால். இதையே நான் முன்பும் ஒரு தடவை நினைத்திருக்கிறேன். நீ அப்போது வண்டியில் இருந்தாய்.

நாலு வருஷமாகிறது. ஒரு மத்தியானம் நம் நாய் கருப்பன் வாயில் நுரை தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். யாரோ காட்டுப் பன்றிக்கு வைத்த மருந்தைத் தின்றிருந்தான். உடம்பு முழுக்க நடுங்கியது. அவனைச் சாக்கில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு நீ நம் வேனின் பின் சீட்டில் ஏறினாய். மாட்டாஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர்தான், அங்கேயே போகலாம் என்றாய். மாட்டுக்கு ஊசி போடுகிற டாக்டருக்கு நாயைப் பற்றி என்ன தெரியும் என்று நான் எரிந்து விழுந்தேன்.

எனக்குத்தான் கீழே ஒரு டாக்டர் இருந்தாரே. அவரை நான் தேர்ந்தெடுத்த லட்சணத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கீழே காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் ஒரு லாரிக்காரர் தன் விலை உயர்ந்த நாயைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்த நாய்க்கு வைத்தியம் பார்ப்பவர் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி அறை. கருப்பனுக்குத் தடுப்பூசி போட ஒரு தடவை போனோம், ஞாபகம் இருக்கும். டாக்டர் நல்லவர்தான், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் தூரத்தில் இருந்தார், அவ்வளவுதான். தூரத்தை நான் எப்போது மதித்தேன்? எழுபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று மற்ற டிரைவர்களிடம் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிற எங்கள் எல்லோருக்குமே இந்த வியாதி உண்டு. எதுவானாலும் கீழே கொண்டு போய்ச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும், கொண்டு சேர்க்க நாம் இருக்கிறோம் என்கிற நினைப்பு.

மாட்டாஸ்பத்திரி கேட் வந்தது. டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் உள்ளே நின்றது.

"ஏனுங்க, நிறுத்துங்க. அவங்க இருக்காங்க," என்றாய்.

நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

நாற்பத்து மூன்றாவது வளைவில் மறுபடியும் நிறுத்தச் சொன்னாய். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று பொய் சொன்னேன். "போதுமுங்க," என்றாய். கண்ணாடியில் பார்த்தேன். சாக்கின் முனையை இழுத்து அவன் முகத்தை மூடிக்கொண்டிருந்தாய்.

அவனைப் புதைத்துவிட்டுக் கை கால் கழுவும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன், யார் பார்த்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று. நீ ஆமாங்க என்றாய். அதற்குப் பிறகு கருப்பன் பேச்சு வந்தபோதெல்லாம் அதையே சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று ஆமாங்க என்றாய். நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் உன்னை வைதும் இருக்கிறேன்.

வேறு நாய் வேண்டாம் என்றுவிட்டாய். எனக்கு ரிட்டயர் ஆக அப்போது எட்டு மாதம் இருந்தது. நான் ரிட்டயராகி வீட்டோடு உட்கார்ந்த பிறகு, தாய் செத்துப்போன ஒரு வெள்ளாட்டுக் குட்டியைத் தூக்கி வந்தாய். ஆட்டுக்குப் பால் புட்டி, ஆட்டுக்கு ஒரு பெயர், குளிருக்கு என் பழைய காக்கிச் சட்டை. நான் விடாமல் கிண்டல் செய்தேன். "ஆடு சும்மா வீட்டச் சுத்துதுன்னு பாக்கறீங்களா? நீங்களுந்தான் சுத்தறீங்க, உங்களுக்கு நான் சோறு போடலீங்களா?" என்று ஒரே போடாகப் போட்டாய்.

ஆனால் டாக்டர் விஷயத்தில் மட்டும் நீ விளையாடவில்லை. குட்டிக்கு ஒரு நோயும் இல்லாதபோதே பூச்சி மருந்தைச் சாக்காக வைத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனாய். பாதி நாள் அங்கேயே இருந்தாய். டாக்டரம்மா எத்தனை மணிக்கு வருகிறார், மிரளுகிற கன்றுக்குட்டியை எப்படித் தொடுகிறார், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா, அவர் லீவு போட்டால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தாய். பெண் பார்க்கப் போனாயா என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

"கீழ டாக்டரு மொதல்ல என்ன ஜாதி நாயின்னு கேட்டாருங்க. இவங்க மொதல்ல என்ன தின்னுச்சுன்னு கேக்கறாங்க," என்றாய்.

அவர் நம்பரை என் போனிலும் போட்டுக் கொடுத்தாய். பூவாயி டாக்டர் என்று பெயர். நான் ஒரு நாளும் அதை அழுத்தியதில்லை. நீ கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் பூவாயி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் நீ வளர்த்து விட்டுப்போனதில் மூச்சு விடுவது அவள் ஒருத்திதான். அந்த மூச்சுதான் இன்று காலை என் கண் முன்னால் திணறியது.

சாவியைக் கையில் பிடித்தபடியே அந்த நம்பரைத் தேடினேன். வீட்டுப் பக்கம் டவர் கிடையாதே, மேட்டுப் பாறை மேல் ஏறினேன். இரண்டு தடவை அடித்து நின்றுவிட்டது. மூன்றாவது தடவை எடுத்தார். யார் என்று சொன்னேன், ஆடு விழுந்துவிட்டது என்றேன்.

"என்ன தின்னுச்சுங்க?" என்றார்.

மரவள்ளித் தழை என்றேன், அரை மணிக்குள்தான் இருக்கும் என்றேன். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், எண்ணெய் கூடவே கூடாது, மூச்சுத் திணறும்போது ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்றார். அடுத்த ஊரில் கால்நடை கேம்ப்பில் இருக்கிறாராம். மருந்து கையில் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள், நானும் வந்துவிடுகிறேன் என்றார்.

திரும்பிப் பார்த்தால் சின்னையன் பூவாயியின் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தார். பாட்டில் மூடி திறந்திருந்தது. பாறையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது, முழங்காலில் சிராய்ப்பு இருக்கிறது. பாட்டிலைப் பிடுங்கி எறிந்தேன். அவருக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷன், அவளைத் தூக்கி வேனில் போட்டு அவரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

இரண்டு கிலோமீட்டரை உருட்டிக்கொண்டுதான் போனேன். குலுங்கினால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். கேட் வந்தது. உள்ளே ஸ்கூட்டர் இல்லை. கம்பவுண்டில் யாரும் இல்லை. அந்த ரோடு அப்படியே நேராகப் போய்க் கீழே இறங்குகிறது, உனக்குத் தெரியாததா. இன்ஜினை அணைக்காமல் காலைக் கிளட்ச்சில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"இது வேலைக்காகாதுங்க. கீழயே போயிருங்க," என்றார் சின்னையன்.

நீ நம்ப மாட்டாய், என் கை கியர் வரைக்கும் போய்விட்டது. டாக்டரம்மா வரவே இல்லை என்றால்? வழியில் வண்டி நின்றுவிட்டிருந்தால்? இங்கே காத்திருந்து அவள் செத்துப்போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? கீழே போகும்போது செத்தாலாவது, முடிந்ததைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த நினைப்பு வந்ததும்தான் எனக்கு உறைத்தது. அன்றும் நான் ஓடியது கருப்பனுக்காக மட்டும் அல்ல, என்னால் சும்மா உட்கார முடியாது என்பதற்காகவும்தான். சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தேன். இன்று நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஐந்து நிமிஷம் இருக்கும். எனக்கு அரை நாள் மாதிரி இருந்தது. டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடி வந்தார். ஈறைத் தூக்கிப் பார்த்தார், ரத்தச் சிவப்பாக இருந்தது, தழை விஷம் ஏறியதற்கு அதுதான் அடையாளமாம். கழுத்தில் முடியை வழித்து நரம்பைப் பிடித்து மருந்தை ஏற்றினார். அவசரமான வேலையை அவ்வளவு நிதானமாகச் செய்தார். நான் பூவாயியின் காலைப் பிடித்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து, கிழங்கு பிடுங்குகிற மாசத்தில் இந்த மருந்து இல்லாமல் நான் வீட்டை விட்டே கிளம்புவதில்லை என்று சொன்னார், என்னைச் சமாதானப்படுத்தத்தான். நீ எதை வைத்து இவரைத் தேர்ந்தெடுத்தாய் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. அரை மணி கழித்துத் தலையைத் தூக்கினாள். எழுந்தாள், விழுந்தாள், மறுபடியும் எழுந்தாள். நின்ற கையோடு சின்னையன் தோளில் கிடந்த துண்டின் நுனியை வாயில் இழுத்தாள். அந்த மனுஷன் கோபத்தை மறந்து சிரித்துவிட்டு டீ வாங்கி வரப் போனார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த மருந்துகளைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன். பன்றிக்கு வைக்கிற மருந்தைத் தின்ற நாய், நுரை தள்ளி, உடம்பு நடுங்கிக்கொண்டு வந்தால் அதற்கு ஊசி இருக்கிறதா என்று. டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடினார்.

"ஐயா, அம்மா இதை எங்கிட்ட அப்பவே கேட்டுட்டாங்க," என்றார்.

கருப்பன் செத்த மூன்றாம் நாள் நீ தனியாக அங்கே போயிருக்கிறாய். அவர் மழுப்பாமல் சொல்லியிருக்கிறார், அந்த ஊசி இங்கே எப்போதும் இருக்கிறது, நேரத்துக்கு வந்திருந்தால் பிழைக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று. நீ அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாயாம். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பும்போது ஒன்று கேட்டுக்கொண்டாயாம்.

"அவருக்குத் தெரிய வேண்டாமுங்க. தெரிஞ்சா அப்பறம் வண்டியத் தொடவே அவருக்குக் கை வராதுங்க."

ஆக, முதல் நாள் நீ சொன்ன ஆமாங்கவை விட்டுவிடலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு நீ சொன்னதெல்லாம் தெரிந்தே எனக்காகச் சொன்னது. எனக்கு முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கோபத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு ரிட்டயராகும்வரை எட்டு மாதமும் பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு கீறல் இல்லாமல் அந்த வளைவுகளை நான் இறங்கியது நீ வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான்.

நீ நிறுத்தச் சொன்னபோது நான் நிறுத்தியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. இந்த இரண்டு வரியைச் சொல்ல யாரும் எனக்கு எதையும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு அன்றே தெரியும். ரிட்டயரான பிறகு நீ என் எதிரே உட்கார்ந்து சோறு போட்டாய், மிளகு காய வைத்தாய், ஆட்டோடு பேசினாய். அத்தனை நாளில் எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ என் முன்னாலேயே அழுதிருப்பாய்.